மூன்று பலகை வைத்த கிருபாபாய்

பாறசாலை ரயில் நிலையத்துக்குப் போகும் வளைவில் ஒரே கடைக்கு மூன்று பெயர்ப்பலகைகள் இருந்தன. நெய்யாற்றின்கரையில் இருந்து வருகிறவர் கண்ணில் மலையாளப் பலகை படும். களியக்காவிளைப் பக்கம் இருந்து வருகிறவருக்குத் தமிழ்ப் பலகை. ரயிலில் இருந்து இறங்கி வருகிறவருக்கு ஆங்கிலப் பலகை. மூன்றும் ஒரே அளவு. நான் நாடா பிடித்து அளந்திருக்கிறேன்: நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம். கடை கிருபாபாயின் தட்டச்சுப் பயிற்சி நிலையம்.

1979இல் முதலில் எழுதி வந்தது ஒரே பலகைதான். பலகை எழுதியவர் மலையாளத்தைப் பெரிதாகவும் ஆங்கிலத்தை நடுவிலும் வைத்து, மிஞ்சிய இடத்தில் விரல் உயரத்துக்குத் தமிழை எழுதியிருந்தார். கிருபாபாய் பார்த்துவிட்டு ஒரு வார்த்தைதான் கேட்டார்: "தமிழ் வாசிக்கியவன் மட்டும் குனிஞ்சு வாசிக்கணுமா?" பலகையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய், கணவர் ராபின்சனிடம் சொல்லி இரண்டாக அறுத்து, தேனீப் பெட்டிகளுக்கு மூடி செய்துவிட்டார். பிறகு மூன்று பலகைகள் செய்யச் சொன்னார். "டீச்சருக்கு மூணு கடை உண்டோ?" என்று போகிறவர்கள் கேலி செய்தார்கள். "கடை ஒண்ணு. வாற வழி மூணு" என்பார்.

இருபது வருடம் கழித்து எங்கள் சங்கத்தில் நடந்த சண்டைக்கும் அவர் சொன்ன பதில் ஏறக்குறைய இதுதான்.

எல்லைப்புறத் தேனீ வளர்ப்போர் சங்கத்துக்கு நான் செயலாளர். அதன் நடவடிக்கைப் புத்தகம் 1987 முதல் என் கையெழுத்தில் இருக்கிறது. இஞ்சிவிளை, காரக்கோணம், திருப்புறம், அம்பூரி என்று கேரள-தமிழக எல்லையோரத்து ஊர்க்காரர்கள் உறுப்பினர்கள். தை பிறந்து ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும்போது, அந்தத் துளிரின் காம்பில் தேன் சுரக்கும். எல்லாரும் பெட்டிகளை லாரியில் ஏற்றி அம்பூரி மலைக்குக் கொண்டுபோவோம். 1991 வரை ராபின்சன் வீட்டில் எழுபது பெட்டிகள் இருந்தன.

1992 மார்ச்சில் புழு சாகும் நோய் வந்தது. அடையின் அறைக்குள் வளரும் தேனீப் புழு பை போல வீங்கிச் செத்துப்போகும். மருந்து கிடையாது. ஜூலைக்குள் அந்த எழுபதில் அறுபத்துமூன்று காலி. ராபின்சன் காலிப் பெட்டிகளைக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் அடுக்கிவிட்டு ஒரு பழைய மினி லாரி வாங்கி ஓட்டப் போய்விட்டார். மிச்சமிருந்த ஏழு பெட்டிகளையும் கிருபாபாய் கைவிடவில்லை. அதிகாலையில் குந்தியிருந்து பார்த்தார். ஏழில் மூன்று பெட்டிகளில் தேனீக்கள் செத்த புழுவைத் தாமே இழுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்தன. அந்த மூன்றின் வழியில் மட்டுமே புதிய ராணிகளை வளர்த்தார். நோய் கண்ட பெட்டியில் ராணியைச் சில நாள் சிறு கூண்டில் அடைத்து, முட்டை இடாமல் நிறுத்தி, ஈக்களுக்குச் சுத்தம் செய்ய அவகாசம் கொடுத்தார். 1997 டிசம்பரில் அவரிடம் ஐம்பத்தெட்டு பெட்டிகள் இருந்தன. இந்த ஐந்து வருடத்தையும் அவர் தமிழில் எழுதி வைத்திருந்தார்.

1998 ஜூனில் சங்கத்துக்கு இணையதளம் வேண்டும் என்று தலைவர் ஜெயச்சந்திரன் சொன்னார். நெய்யாற்றின்கரையில் ரப்பர் ஷீட் வியாபாரம் செய்பவர். வெளிநாட்டுக்காரர்கள் பார்த்து ரப்பர்த் தேன் வாங்குவார்கள் என்பது அவர் எண்ணம். கிருபாபாயின் நிலையத்தில் அப்போது ஒரு கணினியும் தொலைபேசி இணைப்பும் இருந்தன. பொறுப்பு அவருக்கு வந்தது. உறுப்பினர்கள் பெட்டியில் கண்டதைத் தினமும் சொல்லி அனுப்புவார்கள். அவர் அடித்து ஏற்றுவார். இன்று அதை வலைப்பூ என்கிறார்கள். நாங்கள் பெட்டிக் குறிப்பு என்றோம்.

அதில் இரண்டு தவறுகள் செய்தோம். ஒன்று எல்லாருடையது. எங்கள் பக்கத்தில் ஒருவர் தமிழில் தொடங்கி மலையாளத்தில் நடந்து ஆங்கிலத்தில் முடிப்பார். கேட்கிறவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. அப்படியே குறிப்புகளையும் எழுதினோம். ஒரே பக்கத்தில் மூன்று மொழியும் கிடந்தன. மற்றது என்னுடையது. சங்கத்துக் காகிதம் எதுவானாலும் தலைப்பில் சங்கத்தின் பெயர், பதிவு எண், முகவரி, தேதி இருக்க வேண்டும் என்று நான் கட்டாயப்படுத்தினேன். 1998 டிசம்பர் 31 வரை 142 குறிப்புகள். வந்த கடிதங்கள் மூன்று. அதில் இரண்டு, எங்கள் உறுப்பினர்களே போகிறதா என்று பார்க்க அனுப்பியவை.

ஜனவரி முதல் வாரம் கிருபாபாய் ஓர் அச்சுத்தாளோடு என் வீட்டுக்கு வந்தார்.

"சாரே, தேடுபொறியில நம்ம சங்கத்துப் பேரைப் போட்டேன். வந்ததப் பாருங்க."

பத்து வரிகள். பத்திலும் சங்கத்தின் பெயர், பதிவு எண், முகவரி. எனக்கு அது ஒழுங்காகத்தான் தெரிந்தது.

"நல்லாத்தானே இருக்கு?"

"பத்து வாசலுக்கும் ஒரே பலகை. எந்த வாசல்ல எறும்புக்கு மருந்து, எந்த வாசல்ல புழு சாவு, எப்பிடித் தெரியும்? அதுவும் பேரு தெரிஞ்சவனுக்காக்கும் இது. தெரியாதவன் தேடினா நாம இல்லவே இல்ல."

"தேதி போட்டிருக்கே."

"ஈ செத்துக்கிட்டு இருக்கியவன் ஆகஸ்ட் பதினாலுன்னா தேடுவான்?"

நான் அச்சுத்தாளை இன்னொரு முறை வாசித்தேன்.

ஜனவரி 10, ஞாயிறு மாலை பொதுக்குழு. வந்தவர்கள் முப்பத்தொரு பேர். கிருபாபாய் ஆளுக்கு ஒரு துண்டுக் காகிதம் கொடுத்தார். "உங்க பெட்டியில ஏதோ கேடு வந்திருக்கு, இல்லன்னா தேன் விக்கணும். நம்ம சங்கம் இருக்கியதே உங்களுக்குத் தெரியாது. ஒரு காலி இடம் இருக்கு, அதுல எழுதினா பதில் வரும். என்ன எழுதுவீங்க? எந்தப் பாஷையில மனசுல வருதோ அதுல எழுதுங்க."

துண்டுகளை நான்தான் வகைபிரித்தேன். சங்கத்தின் பெயரை எழுதியவர் ஒருவரும் இல்லை. தேதி எழுதியவரும் இல்லை. புழு சாவதைக் கேட்டவர்கள் பதினொரு பேர். பத்துப் பேர் தமிழில். ரப்பர்த் தோட்டத்தில் பெட்டி வைக்க இடம் கேட்டவர்கள் ஒன்பது பேர், எல்லாரும் மலையாளத்தில். தேன் விற்பதைக் கேட்ட ஆறு பேரில் ஐந்து பேர் ஆங்கிலத்தில். எறும்பைப் பற்றி நான்கு. மிச்சம் ஒன்று திருப்புறம் சதாசிவன் எழுதியது: "எலே, ராணி எங்கே போச்சு?"

"எனக்க வீட்டுலயும் இதே கேள்விதான் மக்கா. சாயங்காலம் ஆனா ஆளக் காணாது" என்று சதாசிவன் சொல்ல, கூட்டம் சிரித்தது.

கிருபாபாய் சிரிப்பு அடங்கும்வரை நின்றார். "இதாக்கும் நான் சொல்ல வந்தது. ஒரு பக்கத்துக்கு ஒரு பாஷை, ஒரு காரியம். அவன் கேக்கிய கேள்வியே பக்கத்துக்குப் பேரு. தேதி கடைசியில. மூணு பாஷைக்கும் மூணு தனி அறை. ஒரு அறையில இருந்து அடுத்ததுக்குப் போக அடியில ஒரு வழி."

ஜெயச்சந்திரன் எழுந்தார். "டீச்சரே, யோசனை கொள்ளாம், நல்லதுதான். பக்ஷே, தளத்துல நமக்குக் கிடைச்சிருக்கிய இடம் கொஞ்சம். தேன் குப்பி படம் போட இடம் இல்ல. இஞ்ச தமிழ் தெரிஞ்சவனுக்கு எல்லாம் மலையாளமும் தெரியும். பின்ன எதுக்குத் தமிழுக்குத் தனி அறை? அத வெட்டிரலாம்."

"பத்துப் பேரு தமிழில எழுதித் தந்திருக்காங்க."

"அவியளுக்கு மலையாளத்துல சொன்னா மனசிலாகாதோ?"

"இஞ்ச இருக்கியவனுக்கு ஆகும். போடியில இருக்கியவனுக்கு? மார்த்தாண்டத்துல இருக்கியவனுக்கு? ஈக்கு வாற நோய்க்கு எல்லை செக்போஸ்ட் உண்டா சாரே?"

முடிவாக ஜெயச்சந்திரன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். ஏப்ரல் 30 வரை தமிழ்ப் பக்கங்கள் இருக்கலாம். அதற்குள் பத்துக் கடிதமாவது வராவிட்டால் நீக்க வேண்டும். கிருபாபாய் அதற்குக் கை தூக்கவில்லை. "எண்ணிக்கைக்கு நான் சம்மதிக்கமாட்டேன். வாற கடிதத்த வாசிச்சுப் பாத்து முடிவெடுங்க" என்றார். தீர்மானம் 18க்கு 12 என்று நிறைவேறியது. தலைவர் வாக்களிக்கவில்லை.

கிருபாபாய் வேலை செய்ததை நான் அருகிருந்து கண்டேன். 142 குறிப்புகளையும் பிரித்தார். ஒரே குறிப்பில் மூன்று காரியம் இருந்தால் மூன்று பக்கம் ஆக்கினார். "இன்று மழை, பெட்டி திறக்கவில்லை" என்பது போன்ற நாற்பத்தொரு குறிப்புகளைத் தள்ளினார். பதிவறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன் நான். பதிவை அழிப்பது தகாது என்றேன். "அது உங்க நோட்டுல பத்திரமா இருக்கட்டும். வாற ஆளு கால்ல தட்டாண்டாம்" என்றார். தன் ஐந்து வருட நோய்க் குறிப்புகளையும் சேர்த்தார். கடைசியில் தமிழில் 61, மலையாளத்தில் 38, ஆங்கிலத்தில் 29 பக்கங்கள். ஒன்றை மற்றொன்றாக மொழிபெயர்க்கவில்லை. அந்தந்த மொழிக்காரர் கேட்டதை அந்தந்த மொழியில் புதிதாக எழுதினார்.

இன்னொரு சிக்கல் இருந்தது. அன்றைய தமிழ் எழுத்துரு கணினிக்குள் ஆங்கில எழுத்துகளின் குப்பையாகவே கிடக்கும். எழுத்துரு உள்ள கணினியில் மட்டும் தமிழாகத் தெரியும். தேடுபொறிக்குத் தெரிவது குப்பைதான். ஆகவே ஒவ்வொரு தமிழ்ப் பக்கத்தின் பெயரையும், அதன் கீழே இரண்டு வரிச் சுருக்கத்தையும், ஆங்கில எழுத்தில் எழுதினார். தமிழன் அவசரத்தில் எப்படி எழுதுவானோ அப்படி. கூடவே இரண்டொரு ஆங்கிலச் சொல்லும் ஊர்ப் பெயர்களும். சுருக்கத்தின் முடிவில் தன் தொலைபேசி எண்.

மே 2, ஞாயிறு. பொதுக்குழுவில் கணக்கை நான் வாசித்தேன். ஆங்கிலப் பக்கங்களால் வந்த கடிதங்கள் 26. மலையாளம் 14. தமிழ் 6.

முந்தைய ஏழு மாதத்தில் மூன்றே கடிதம் வந்த தளம் அது. அதை யாரும் பேசவில்லை. ஆறு, பத்துக்குக் குறைவு, அதைத்தான் பேசினார்கள்.

கிருபாபாய் ஆறில் ஒன்றை மட்டும் எடுத்து வாசித்தார். போடி மலையடிவாரத்தில் இருந்து ஒருவர் மகளிடம் சொல்லி அனுப்பியது. நாற்பது பெட்டியில் இருபத்தாறு போய்விட்டன. யாரிடம் கேட்பதென்று தெரியவில்லை. மகள் கணினியில் தேடியபோது உங்கள் பக்கம் கிடைத்தது. சொன்னபடி ராணியை அடைத்தோம். பதினொரு பெட்டி பிழைத்துவிட்டது. "இதை முன்பே எழுதியிருந்தால் நாற்பதும் இருந்திருக்குமே அம்மா" என்று கடிதம் முடிந்தது.

"பாவம்" என்றார் ஜெயச்சந்திரன். மனதாரத்தான் சொன்னார். "ஆனா அவரு தேன் வாங்கப் போறதில்லையே டீச்சரே."

வாக்கெடுப்பு 16க்கு 13. தமிழ்ப் பக்கங்களை நீக்குவதென்று முடிவாயிற்று.

கிருபாபாய் நாற்காலியை விட்டு எழுந்தார். குரல் உயரவில்லை. "மலையாளமும் இங்கிலீஷும் அப்பிடியே உண்டு. ஒரு வரிகூட நான் கெடுக்கமாட்டேன். ஆனா இனி எனக்க கை அதுல படாது. தமிழ எடுத்துட்டுப் போறேன்."

"எங்க கொண்டுபோவீங்க?" என்று யாரோ கேட்டார்.

"பலகையக் கொண்டுபோன எடத்துக்கு."

மே 9ஆம் தேதிக்குள் அறுபத்தொரு பக்கங்களையும் இணையத்தில் யாரும் இலவசமாகப் பெறக்கூடிய ஓர் இடத்தில் தன் பெயரில் ஏற்றிவிட்டார். இடம் மாறியதால் தேடுபொறிகளில் மறுபடியும் பதிய வேண்டியிருந்தது. அன்று அதற்கு ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அவர் ஏழு தேடுபொறிகளைத் தேர்ந்தெடுத்தார். அறுபத்தொன்றை ஏழால் பெருக்கினால் 427. இருபத்துமூன்று நாளில் முடித்தார். மாணவிகள் தட்டச்சு அடிக்கும் சத்தத்துக்கு நடுவே, தொலைபேசி இணைப்பு அறுந்தால் மறுபடி எண்ணைச் சுழற்றி, மறுபடி முதலில் இருந்து.

"எட்டீ, நாலு பிள்ளை பெத்ததுக்குக்கூட நீ இவ்வளவு ஃபாரம் நிரப்பல்லியே" என்றார் லாரியை நிறுத்திவிட்டு வந்த ராபின்சன்.

"அதுக்கு நீங்க போய் நிரப்பினீங்க. ஒண்ணுலயும் பேரு ஒழுங்கா இல்ல."

சங்கத்தின் தளத்தைத் திருவனந்தபுரத்தில் ஒருவரிடம் கொடுத்தார்கள். அவர் முகப்பில் பறக்கும் தேனீ ஒன்றை வைத்தார். நிறைய தேன் குப்பிகளின் படம் வைத்தார். எல்லாப் பக்கத்துக்கும் மேலே மறுபடியும் சங்கத்தின் பெயர் வந்தது. இந்த முறை நான் கேட்கவில்லை.

அந்த வருடம் நவம்பர் 18, வியாழன். நான் நடவடிக்கைக் குறிப்பைத் தட்டச்சு செய்யக் கிருபாபாயின் நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். லாரியை வாசலில் நிறுத்திவிட்டு ராபின்சனும் அங்கே இருந்தார். ஜெயச்சந்திரனும் சதாசிவனும் உள்ளே வந்தார்கள். ஜெயச்சந்திரன் கையில் சுருட்டிய தாள். அம்பூரியில் அவருக்கு இருபத்துநான்கு பெட்டிகள் இருந்தன. அதில் ஒன்பதில் புழு வீங்கிச் செத்துக்கொண்டிருந்தது. திருவனந்தபுரத்துக்காரரிடம் கேட்டிருக்கிறார்; அவருக்குத் தேனீயைப் பற்றி ஒன்றும் தெரியாது. நெய்யாற்றின்கரையில் கணினி மையத்துக்குப் போய், பெட்டியில் கண்டதையும் ஊர்ப் பெயரையும் சொல்லித் தேடச் சொல்லியிருக்கிறார். முதலில் வந்த பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்துவிட்டார்கள்.

தாளை மேசையில் விரித்தார். அந்த மையத்துக் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை. தாள் முழுக்க ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாக இருந்தது. வாசிக்கக்கூடியது மேலே இருந்த மூன்று வரிகள் மட்டும். மூன்றாவது வரியின் முடிவில் இந்தக் கடையின் தொலைபேசி எண்.

"இது என்ன பாஷை டீச்சரே?"

"உங்களுக்கு வேண்டாத பாஷையாக்கும்."

சதாசிவன் வாயைப் பொத்திக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினார். ஜெயச்சந்திரன் முகம் சிவந்தது, ஆனால் போகவில்லை. "ஒம்பது பெட்டி" என்றார். "மீதி எல்லாம் அடுத்த வாரம் போவும்."

கிருபாபாய் அவர்களுக்கு இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டார். பிறகு தன் கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்து, முதல் வரியில் இருந்து கடைசி வரி வரை உரக்க வாசித்தார். மலையாளத்தில் மாற்றிச் சொல்லவில்லை. ஜெயச்சந்திரன் ஒரு சொல்லுக்கும் விளக்கம் கேட்கவில்லை. இரண்டு இடங்களில் மட்டும், "இன்னொருக்கா சொல்லுங்க" என்றார். சதாசிவன் பழைய தந்திக் காகிதத்தின் பின்புறத்தில் குறித்துக்கொண்டார்.

"ராணிக்கூண்டு இருக்கா உங்களுக்கிட்ட?"

"இல்ல."

"ஒம்பது தாறேன். பெட்டி பிழைச்ச பிறகு எனக்க அந்த மூணு பெட்டி வழியில வந்த ராணியும் தாறேன். இவரு லாரியில இப்பவே போங்க. நாளைக்குன்னு வைக்காண்டாம்."

ராபின்சன் லாரி சாவியை எடுத்தார். "பிரசிடண்டே, ஏறுங்க. வழியில மலையாளத்துல பேசலாம், பயப்படாண்டாம்."

ஒன்பதில் நான்கு போயிற்று. ஐந்து நின்றது. மற்ற பதினைந்துக்கும் நோய் வரவில்லை.

டிசம்பர் 12 பொதுக்குழுவில் ஜெயச்சந்திரன் தானே எழுந்து, தமிழ்ப் பக்கங்களைச் சங்கத்தின் தளத்துக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். எதிர்ப்பு இல்லை. எல்லாரும் கிருபாபாயைப் பார்த்தார்கள். அவர் மகிழ்ந்துபோவார் என்று நானும் நினைத்தேன். குறிப்பில் "ஏகமனதாக" என்று எழுதக்கூடத் தொடங்கிவிட்டேன்.

"வராது" என்றார்.

"டீச்சரே, எல்லாரும் கை தூக்கியாச்சே."

"கை தூக்கினா உள்ள வரும், இன்னொரு நாளு கை தூக்கினா வெளிய போவும். அப்பிடி ஒரு எடத்துல அது இனி இருக்காது. ஈ செத்துக்கிட்டு இருக்கியவனுக்கு உங்க ஓட்டு முடியும்வர காத்திருக்க நேரம் இல்ல. உங்க பக்கத்துல இருந்து எனக்க பக்கத்துக்கு ஒரு வழி வையுங்க, போதும். மலையாளத்துல இந்த நோயப் பத்தி ஒரு பக்கம் வேணும்னா, இடம் தந்தா, நானே எழுதித் தாறேன். அதுக்கு ரெண்டு குப்பி படத்த எடுக்கணும்."

குப்பிகள் எடுக்கப்பட்டன. நான்கு எடுத்தார்கள். "ஏகமனதாக" என்பதை அடித்துவிட்டு, ஓரத்தில் என் சுருக்கொப்பம் வைத்தேன்.

1999 டிசம்பர் 31 அன்று அவருடைய தமிழ்ப் பக்கங்கள் 74. அந்த வருடம் அவற்றால் வந்த கடிதங்கள் 53. இரண்டு எண்ணையும் நான் இருமுறை சரிபார்த்தேன். 53 என்று சொன்னபோது அவர் தலையை ஆட்டிவிட்டு, கடைசிக் கடிதத்துக்குப் பதில் அடித்துக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்ட வரலாறுகளைப் பிறந்த தேதியில் தொடங்குவதுதான் என் வழக்கம். அவருடையதை அப்படித் தொடங்கத் துணியவில்லை. வாசிக்க வருகிறவர் தேதியைத் தேடி வருவதில்லை என்று அவர் சொல்வார். ஆனால் அதை விட்டுவிடவும் என்னால் ஆகாது. ஆகவே அவர் சொன்ன இடத்தில் வைக்கிறேன். கிருபாபாய், இஞ்சிவிளை, பிறப்பு 1951 ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை.